ஓட்டுக்காகத் தனித்திருந்தவள்

முன்னறையில் யாரோ பூட்ஸ் சேற்றைத் தட்டும் சத்தம் கேட்டது. படுக்கையறையில் தொப்பி நாடாவை முடிந்துகொண்டிருந்த கெத்தூராவின் கை நின்றது. பிறகு நடை. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து... ஏனோக்கேதான்!

எழுதிவைத்திருந்த ஓட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தேர்தல் அதிகாரி ஏனோக் தலைகுனிந்து நின்றான்.

"நீங்க இன்னிக்கு ஓட்டுப்போட வரவேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"என்ன, புதுசா நீங்க வாங்கன்னு? ஜனாதிபதி தேர்தலுக்கு மரியாதையும் கூடுதலோ?"

"விளையாடாதே கெத்தூரா. பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லன்னு போன வருஷமே சட்டம் வந்தாச்சே."

"அது மாநிலத் தேர்தலுக்குத்தானே?"

"எல்லாத்துக்கும்தான். வடக்கே ஆம்பளைங்க பாவாடை கட்டிக்கிட்டு வந்து ரெண்டாவது தடவையும் போட்டாங்களாம்."

"ஏமாத்தினது ஆம்பளை, தண்டனை பாவாடைக்கா? நல்லாருக்குய்யா உங்க நியாயம்!"

அவன் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியில் சரிந்தாள்.

இருபத்தெட்டு வயதில் கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். ஆப்பிள் தோட்டமும் வீடும் அவள் பெயருக்கு வந்தன. சொத்துள்ள தனிப்பெண்ணுக்கு நியூஜெர்சியில் ஓட்டு இருந்தது. மறுமணம் செய்தால் தோட்டம் புதுக் கணவனுக்குப் போய்விடும்; ஓட்டும் இல்லாமல் போகும். ஏனோக் மூன்று முறை பெண் கேட்டான். மனம் முழுக்க அவனையே வைத்துக்கொண்டு, மூன்று முறையும் மாட்டேன் என்றாள். போன ஜனாதிபதி தேர்தலில், 1804-இல், சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, தோட்டத்து மரத்தில் சாய்ந்து அழுதாள். இழந்ததற்கு ஈடு கிடைத்துவிட்டதாக அன்று நம்பினாள்.

கையிலிருந்த சீட்டை அவள் மடியில் வைத்தாள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவுக்கான எட்டுப் பெயர்களையும் தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

"ஓட்டே போச்சு, இனிமே தோட்டத்த மட்டும் கட்டிக்காத்து என்ன ஆகப்போகுது, ஏனோக்?" அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இப்போ கேளேன். இந்தத் தடவ மாட்டேன்னு சொல்லமாட்டேன்."

அவன் முகம் வெளுத்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சில என் கல்யாண அறிவிப்பு படிக்கிறாங்க. ஊர்வாயால நீ கேக்கக்கூடாதுன்னு..."

"பொண்ணு?"

"மாவுமில்காரர் தங்கச்சி."

"நல்லவ." அவள் மடியிலிருந்த சீட்டை மடித்தாள். "ஓட்டுப்போட ஆளுங்க காத்திருப்பாங்க. கிளம்பு."

"கெத்தூரா, நான் ஏழு வருஷம்..."

"கிளம்புன்னேன்ல!"

அவன் காலை இழுத்துக்கொண்டு படியிறங்கினான். அவள் வாசல்வரை போய்க் கதவைச் சாத்தினாள்.