நடுவில் வந்த ஆ

எண்பதுகளின் நடுவில் நான் பிரான்சில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டி.என்.ஏ. வரிசை படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இயந்திரம் செய்கிற வேலை. அன்றைக்கு அதைக் கண்தான் செய்தது. டி.என்.ஏ.வுக்கு நான்கே எழுத்து: ஏ, சி, ஜி, டி. எக்ஸ்ரே பிலிமில் எழுத்துக்கு ஒன்றாக நான்கு தடம் இருக்கும். கீழிருந்து மேலே போகப் போக எந்தத் தடத்தில் கறுப்புக் கோடு வருகிறதோ, அந்த எழுத்து. இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். எனக்கு வாய்த்த துண்டில் ஒரே சின்ன வரிசை திரும்பத் திரும்ப வந்து தொலைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் கண் பழகிவிடும். பழகிய கண் இருப்பதைச் சொல்லாது, எதிர்பார்ப்பதைச் சொல்லும்.

அப்படித் திரும்பி வரும் ஒவ்வொன்றையும் திருப்பம் என்போம். அந்தத் திருப்பங்கள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றே என்பதுதான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். பேராசிரியை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையை முன்பின் அறியாத ஒருவர் படிக்க வேண்டும், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து என்றுவிட்டார். அதுவோ ஆகஸ்ட் மாதம். அந்த ஊரில் ஆகஸ்டில் எல்லாரும் விடுமுறையில் போய்விடுவார்கள், ஈ காக்கை வேலைக்கு வராது. என் உதவித்தொகை அந்த வருடத்தோடு சரி. பிலிம்களை அட்டைக்குள் வைத்து, சேலைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு காரைக்காலுக்கு வந்து சேர்ந்தேன்.

அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தலத்தெருவில் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு, என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார்கள். டி.என்.ஏ. என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எனக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட கண்தான். பிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அவர் படிக்க, நான் எழுத. சும்மா சொல்லக்கூடாது, மனுஷருக்கு அலுக்கவே அலுக்காது. ஆனால் எழுத்தைப் பிரெஞ்சில்தான் சொல்வேன் என்றார். அவருக்கு ஏ என்பது ஆ, சி என்பது சே, டி என்பது தே. அங்கே நாள் முழுக்க இப்படித்தானே கேட்கிறோம் என்று விட்டுவிட்டேன்.

முதல் பிலிம் முடிந்ததும் ஆய்வுக்கூடத்தில் நான் எழுதிய பழைய தாளோடு ஒப்பிட்டேன். திருப்பங்கள் தொடங்கும் வரை ஒரு பிசகும் இல்லை. உள்ளே நுழைந்த பிறகு, சில திருப்பங்களின் கடைசியில் ஓர் ஏ கூடுதலாக நின்றது. ஓடிப்போய்ப் பிலிமைப் பார்த்தேன். எல்லாம் ஒன்று போல இருக்கிற இடத்தில், எந்தத் திருப்பத்தில் நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அங்கங்கே புகை மாதிரி மங்கல்கள் வேறு. பயந்தவளுக்கு அதெல்லாம் கோடாகவே தெரிந்தது.

ஓர் இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி இருந்தே ஆக வேண்டும். எதிர் இழைக்கு நான் எழுதிய பழைய தாளில் அந்த டி இல்லை. ஆனால் அதைப் படித்ததும் என்னுடைய பாழாய்ப்போன பழகிய கண்தானே. அன்று அம்மா பொரித்து வைத்த வஞ்சிரத்தை நான் தொடவில்லை.

"என்னடி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"அப்பா கண்ணுக்குத் தெரியிறது நெசம்னா நான் இத்தன வருசம் பண்ணதெல்லாம் குப்ப. பட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன் வெடுக்கென்று. அப்பா அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எதிர் இழையின் பிலிமை ஒட்டினோம். அப்பாவின் குரல் இறங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். திருப்பங்களுக்குள் கொஞ்ச தூரம் போயிருப்போம், அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"காப்பி கலக்கட்டுங்களா?"

"ஆ" என்றார் அப்பா, பிலிமிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஏ என்று எழுதினேன்.

எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு வாயை அவ்வளவுதான் திறப்பார்கள். முந்தின நாள் இடம் தப்பிவிடுமோ என்று, திருப்பம் முடிகிற இடத்தில் அவ்வப்போது, "மறுபடியும் அதேதானாப்பா?" என்று குனிந்த தலை நிமிராமல் கேட்டது நானேதான். அவர் "ஆ" என்றிருக்கிறார். என் கை அதையும் எழுதி வைத்திருக்கிறது. கேட்ட இடத்தில் ஏ இருந்தது, கேட்காத இடத்தில் இல்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எதுக்கும் ரெண்டையும் மொதல்லேருந்து படிச்சிருவோம்மா" என்றார்.

இந்த முறை கேள்வி கிடையாது, பதில் கிடையாது. திருப்பம் முடிந்தால் அவர் கண்ணாடியில் விரலால் தட்டுவார், நான் தாளில் ஒரு கோடு கிழிப்பேன். அம்மாவை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "நல்லா இருக்குடி ஒங்க படிப்பு. என் வீட்டுல நான் பேசக் கூடாதாக்கும்" என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு தாள்களையும் மேசையில் பரப்பி, இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை என்பதால் ஒன்றை முன்னிருந்தும் மற்றதைப் பின்னிருந்தும் விரல் வைத்து நகர்த்தினேன். ஏ எதிரே டி, சி எதிரே ஜி. திருப்பங்களுக்குள் நுழைந்து, அத்தனையையும் கடந்து, மறுபக்கம் திரும்ப வராத எழுத்துகளுக்கு வந்து சேரும் வரை ஒன்றுகூடத் தவறவில்லை. மங்கல்கள் வெறும் மங்கல்கள்தான்.

"ஒத்துப்போச்சுப்பா. நான் பொழச்சேன்" என்றேன்.

அப்பா பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"நீ பொழச்சது இருக்கட்டும்மா. எம் பொண்ணு படிப்ப எங் கண்ணே கெடுத்துருச்சேன்னு ராவெல்லாம் தூங்கல. நான்தாம்மா பொழச்சேன்."