சன்னாசி அண்ணன் மறைத்த ஊசிகள்

இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும், சன்னாசி அண்ணன் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. மலேசியாவில் தம்பின் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தோட்டத்தில் முப்பது வருடமாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, இடுப்பை முறுக்கி இழுக்க வேண்டும். விழுந்த குலையைக் குனிந்து தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். எந்த முதுகு தாங்கும்? இவருக்கோ வீம்பு வேறு. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாள் காலையில் முதல் ஆளாக வேலைக்கு நிற்பார்.

போன வருடம் இடது கால் மரத்துப் போனது. சிரம்பானில் எடுத்த எம்.ஆர்.ஐ படத்தில், அடிமுதுகில் இரண்டு இடங்களில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை நெருக்குவது தெரிந்தது. ஆபரேஷன் என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். கத்தி பட்டால் நொண்டியாகிவிடுவோம், வேலை போகும், வேலையோடு தோட்டத்து வீடும் போகும் என்ற பயம். சில வாரத்தில், "இப்ப தேவலாம்லா" என்று சொல்லி டாக்டரிடம் போவதையே நிறுத்தினார். நாங்களும் நம்பினோம், மடையர்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி நீலாவதி அக்காவின் தங்கத் தோடு காணாமல் போனது. கல்யாணத்தின்போது அவர் அம்மா போட்டு அனுப்பிய தோடு. அலமாரி, அரிசி டின், சாமி மேடை என்று வீட்டையே புரட்டிப்போட்டு அக்கா அழுதார். அண்ணனும் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடினார்.

இந்த வருடம் பாதமே தொங்கிவிட்டது. சிலிப்பர் கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் இருவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு முதுகு டாக்டர் கிருபானந்தனிடம் போனேன்.

"ரெண்டு இடத்துல எது நரம்பக் கெடுக்குதுன்னு தெரியணும் ஐயா," என்றார் டாக்டர். "டிஃபியூஷன்னு ஒரு ஸ்கேன் இருக்கு. நரம்புக்குள்ள இருக்கிற தண்ணி எப்படி அசையுதுன்னு காட்டும். நசுங்கின இடத்துல அந்த அசைவு மாறிப் போயிருக்கும். அது தெரிஞ்சா உடனே ஆபரேஷன் செய்து காலைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

ஸ்கேன் அறை வாசலில், உடம்பில் இரும்பு, கம்பி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். "ஒன்னும் இல்ல," என்றார் அண்ணன். அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைக்கூட அவரே அவிழ்த்து அக்காவிடம் கொடுத்தார்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பியபோது, மேலே நரம்புகள் நூல் நூலாக இறங்கி வந்தன. பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரே கறுப்பு.

"உள்ள இரும்பு இருந்தா இப்படித்தான் படம் கெடும். என்ன வச்சிருக்கீங்க ஐயா?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வலி போக, போன வருடமே மந்திரித்த ஊசியை முதுகுச் சதைக்குள் இறக்கிக்கொண்டாராம். சுசுக் என்பார்கள், இங்கே பலர் ரகசியமாகச் செய்வதுதான். வெளியே சொன்னால் பலிக்காது என்று ஊசி வைத்த மந்திரவாதி மிரட்டியிருக்கிறான்.

"தங்க ஊசிதான் டாக்டர். தங்கம் நாந்தானே குடுத்தேன்."

"தங்கமா இருந்தா படம் இந்த அளவுக்குக் கெடாது. மிஷினுக்குள்ள இழுத்திருக்குமே, சுட்டிருக்குமே?"

"இழுத்துச்சு. கையில பெல் குடுத்திருந்தாங்க. அமுக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். அக்கா தாயத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஊசிகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒன்று முறிந்து சீழ் வைத்திருந்ததால் புண் ஆறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுபடி எடுத்த படம் தெளிவாக வந்தது. கீழ்த்தட்டுதான் நரம்பைக் கொன்றுகொண்டிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வலி போய்விட்டது. பாதம் மட்டும் எழும்பவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்துவிட்டது, இனிமேல் சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலை போனதால் போன வாரம் தோட்டத்து வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசிகளைச் சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கா அதை ஐஸ்பெட்டிக் கதவில் இருந்த காந்தப் பொம்மையருகே கொண்டுபோனார். உள்ளே ஊசிகள் துள்ளி அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டன.

கட்டிலை நகர்த்த அண்ணன் காலை இழுத்துக்கொண்டு வந்தார். அக்கா அவரைத் தடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"காதுத் தோட்டக் கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேங்க," என்றார். "அது போனா போவுது. அந்த முதுக வச்சிக்கிட்டு, இதே கட்டிலுக்கு அடியில என்கூட மண்டி போட்டுத் தேடுனீங்களே. அதத்தான் என்னால தாங்க முடியல."

நானும் அக்காவும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.