பூந்தமல்லி பங்களாவின் பளிங்குப் படிகள்

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு விமலாதான் எனக்கு உயிர்த்தோழி. கதாநாயகி பாடிக்கொண்டே பளிங்குப் படிகளில் இறங்கி வரும் ஒரு பாட்டு என்றால் எங்கள் இருவருக்கும் பைத்தியம். அதைப் படமெடுத்த பூந்தமல்லி பங்களாவுக்குள் போய் வந்ததாக விமலா சொல்வாள்.

"வெறுங்காலோட ஏறினேன்டி. ஐஸ் மாதிரி சில்லுனு இருந்துச்சு."

என்னையும் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"உன்னையெல்லாம் உள்ள விட மாட்டாங்க. மூஞ்சில ஒரு களை வேணும்டி."

நம்பினேன். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் நம்பினேன்.

கல்யாணமான பிறகு ஒருநாள் பூந்தமல்லிக்குப் போனபோது அந்தப் பங்களா வாசலில் தயங்கி நின்றேன். நான் வாய் திறக்கும் முன்பே வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார்.

"பாட்டு எடுத்த ஊடுதானேம்மா? வந்து பாரு. யார் வந்தாலும் உடுவேன்."

"படிக்கட்டு எங்கேங்க?"

"இங்க ஏதும்மா படிக்கட்டு? மாடியே கிடையாது. வாசலை மட்டும் இங்க புடிச்சாங்க. படியெல்லாம் ஸ்டுடியோல பலகை அடிச்சுப் போட்ட செட்டு."

அந்தச் சில்லென்ற படிகளுக்காக விமலாவை எப்போதோ மன்னித்துவிட்டேன். சினிமா ஆசையில் யார்தான் கதை அளக்கவில்லை? ஆனால் இன்றும் கண்ணாடி முன்னால் நின்றால் அவள் குரல்தான் முதலில் கேட்கிறது.