துறைக்காவலனின் பலம்

என் கணவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாகிறார் என்று எனக்குத் தெரியும். பதற வேண்டாம், விளையாட்டில்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஏழு பேர் சேர்ந்து கைப்பேசி விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். வாள், கேடயம், கொம்பு முளைத்த மலைப்பூதங்கள், எரிந்துபோன கோட்டை என்று ஒரு கற்பனை ராஜ்யம். அதில் யார் அடித்தால் யாருக்கு எவ்வளவு நோக வேண்டும், எத்தனை அடியில் ஒருவன் விழ வேண்டும், விழுந்தவன் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்பதையெல்லாம் எண்களாகப் போட்டு ஏற்றி இறக்குவது என் வேலை. வெண்ணந்தூரில் எங்கள் தெருவில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல சண்ட மூட்டி உடற வேலைங்க" என்பார்கள். தப்பில்லை.

கணவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர், ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். ஆயுதபூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்துக் கிளம்பினால் மத்தியப் பிரதேசம் போய்த்தான் நிற்கும். அங்கே மழை பிடித்து, காடெல்லாம் சேறாகி, இனி வண்டி இறங்காது என்று ஆன பிறகுதான் திரும்புவார்கள். மற்றவர்கள் மழையைப் பயிருக்காக எதிர்பார்ப்பார்கள். நான் இங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் பெய்யப்போகும் மழையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை ஒட்டவைத்தால் ஒன்றரை வருஷம் தேறினால் அதிகம்.

ரிக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஊர் திரும்பும்வரை கெட்ட சேதி இரண்டு பக்கமும் போகாது. இங்கே காய்ச்சல் வந்து நான் நாலு நாள் படுத்துக் கிடந்தாலும் "நல்லாருக்கறனுங்க மாமா" என்றுதான் சொல்வேன். அங்கே வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் "ஒண்ணுமில்ல அம்மிணி, சோலி ஓடுது" என்றுதான் அவர் சொல்வார். தூரத்தில் இருப்பவரைச் சும்மா கலங்கடித்து என்ன ஆகப்போகிறது என்பது அதற்கு நியாயம். நியாயம்தான். ஆனால் தினமும் சாப்ட்டாச்சா, வெயிலா, சரி வெச்சிரட்டுமா என்று மூன்று கேள்வியில் முடிகிற பேச்சைப் பேசிவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதற்கு எதற்கு ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி?

அந்த எரிச்சலில்தான் போன வருஷம் அவரை எங்கள் விளையாட்டுக்குச் சோதனை ஆளாகச் சேர்த்தேன். ஒரு பாயிண்டில், அதாவது துளை போடும் இடத்தில், வேலை முடிந்து அடுத்த பாயிண்டுக்கு வண்டி நகரும்வரை அவருக்குப் பகலில் எப்படியும் ஒன்றிரண்டு மணி நேரம் கிடைக்கும். அப்போது விளையாடுவார். எங்கே நின்றார், எதிரியை எத்தனை தடவை அடித்தார், கேடயத்தை எப்போது தூக்கினார், எங்கே செத்தார் என்பதெல்லாம் பதிவாகி, அவருக்கு சிக்னல் கிடைத்ததும் எனக்கு வந்து சேரும். அலுவலகத்துக்கு அது சோதனைப் பதிவு. எனக்கு அது கடுதாசி. வாயைத் திறக்காத மனுஷன் மரத்தடியில் எவ்வளவு நேரம் சும்மா நின்றார் என்பதுகூட அதில் இருக்கும். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நாலு நிமிஷம் நின்றிருக்கிறார் என்றால், அன்றைக்கு மனுஷனுக்கு ஊர் நினைப்பு என்று நானே வைத்துக்கொள்வேன்.

முதல் மாதத்திலேயே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது ஆச்சரியம், ஏனென்றால் சோற்றில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத ஆள்.

"ஏன் அம்மிணி, அத்தாம் பெரிய வாள இவன் பொழுதுக்கும் வீசறானே, கை அசராதா? சம்மட்டி புடிச்சுப் பாரு. எட்டு வீச்சுக்கு மேல எந்தக் கொம்பனுக்கும் மூச்சு வாங்கும்."

மறுநாளே அதைப் போட்டேன். எட்டு வீச்சுக்கு மேல் கை தளரும், ஒன்பதாவது அடியில் பாதி பலம்தான். அலுவலகத்தில் அதற்கு எட்டு வீச்சுச் சட்டம் என்றே பேராகிவிட்டது. எங்கள் முதலாளி பெண்மணி முதலில் முகம் சுளித்தார். "விளையாட வர்றவங்க நிஜத்துல களைச்சுப்போய்தான் வர்றாங்க. இங்கயும் களைக்க வைக்கணுமா?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். நிஜத்தை அப்படியே வைத்தால் ஒரே வெட்டில் கதை முடியும், யாரும் இரண்டாம் நாள் திறந்து பார்க்க மாட்டார்கள். நிஜத்தைக் கழித்துவிட்டாலோ அறுபது வெட்டு வாங்கியவன் ஒரு மடக்கு மருந்து குடித்துவிட்டு ஓடுவான். பயமே இல்லாத சண்டையில் ஜெயித்து என்ன பிரயோசனம்? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைத் தேடித்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் ஆட்டத்தில் ஓர் ஆற்றுத்துறை வரும். அதைக் கடந்தால்தான் கோட்டை. துறையில் இரும்புச்சட்டை போட்ட காவலன் ஒருவன் நிற்பான். அவன் ஓங்கும்போது சரியான நொடியில் கேடயத்தைத் தூக்க வேண்டும், தவறினால் ஆள் காலி. தை மாதக் கடைசியில் என் கணவர் அங்கே போய்ச் சேர்ந்தார். தினமும் நாலைந்து தடவை சாவார், ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிப்பார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாசியில் பத்து நாள் பதிவே வரவில்லை. கேட்டதற்கு, "காட்டுக்குள்ள இருக்கறோம், டவர் இல்ல" என்றார். பேசுவதற்கு மட்டும் டவர் எப்படி இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. புத்தியைக் கழற்றி எங்கே வைத்திருந்தேனோ! பதினோராம் நாள் பதிவு வந்தது. துறையில் இருபத்தேழு தடவை சாவு. மறுநாள் முப்பத்தொன்று. எல்லாம் ஒரே மாதிரி. காவலன் ஓங்குவான், இவர் கேடயத்தைத் தூக்குவதற்குள் அடி விழுந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அரை நொடி தாமதம்.

நான் என்ன செய்தேன்? என் வேலையைச் செய்தேன். அந்த வாரம்தான் விளையாட்டின் புதுப் பதிப்பு ஏற்றியிருந்தோம். அதில் கேடயத்துக்குத் தந்த நேரம் குறைந்துவிட்டது போலிருக்கிறது, நல்ல விளையாட்டுக்காரரே இப்படித் திணறினால் மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று கூட்டத்தில் ஆணித்தரமாகப் பேசினேன். கேடயம் தூக்க முக்கால் நொடி கூடுதலாகக் கொடுத்தேன். காவலனின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன். அட்டவணையில் இரண்டு கட்டம், இரண்டு எண், அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நாலு நாளில் அவர் துறையைக் கடந்தார். அன்று பொழுது சாயும்போது அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"அம்மிணி, தாண்டிட்டேன்."

"பாத்தனுங்க மாமா. பதிவு வந்துச்சு."

"ம். பாத்திருப்பே." அதற்குமேல் பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. பின்னால் ஏதோ வண்டி ஓடும் சத்தம். அவர் மூச்சு விடுவது கேட்டது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "நீ நல்லாருக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காவலனை ஜெயித்ததற்கு இவ்வளவு உருக்கமா என்று நினைத்தேன்.

பங்குனியில் காயங்களுக்கு எண் போடுகிற வேலை வந்தது. கை நசுங்கியவன் எப்போது மறுபடி வாள் பிடிப்பான்? இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரிக்கில் எத்தனையோ அடிபட்டவர்களைப் பார்த்திருப்பாரே என்று அவரிடமே கேட்டேன்.

"மாமா, வெரல் நசுங்கிப்போச்சுன்னா எப்படிங்க இருக்கும்?"

வண்டிச் சத்தத்தைவிட்டுத் தள்ளிப் போனார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். "மொதல்ல நோவே தெரியாது. சூடா இருக்கறாப்பல இருக்கும், அவ்வளவுதான். வெரலப் பாத்தப்பறம்தான் நோவும். மூணு நாளைக்குக் கையத் தொங்கப்போட முடியாது, நெஞ்சு மேலயே வெச்சுக்கோணும். ஒரு மாசத்துல கட்டுப் பிரிப்பாங்க. அப்பறமும் மடங்காது. சட்டைப் பொத்தான் போட முடியாது. தண்ணிச் சொம்பு புடிச்சா நழுவும். ஆளுங்க பாக்கறாங்களேன்னுதான் பெருசா வெக்கமா இருக்கும்."

எங்கள் ஆறு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தட்டச்சு செய்தேன். "வெக்கம், அது நல்லாருக்குதுங்க மாமா, இன்னும் சொல்லுங்க" என்றுகூடச் சொன்னேன். சொன்ன இந்த வாயை என்ன செய்தால் தகும்? அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஆட்டத்தில் வைத்தேன். காயம்பட்ட வீரனின் கையிலிருந்து தண்ணீர்க் குடுவை நழுவும். ஊர்க்காரர்கள் எதிரே வந்தால் அவன் கையை மேலாடைக்குள் மறைத்துக்கொள்வான். முதலாளி பெண்மணி விளையாடிப் பார்த்துவிட்டு, "எப்படி உனக்கு இதெல்லாம் தோணுது?" என்று கண் கலங்கிவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனி பிறந்து பத்து நாளில் வண்டி ஊர் வந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், கால்சட்டைப் பையில் வலது கையை விட்டபடியே நின்றார். கறுத்து, இளைத்து, தாடியோடு. நான் அழக்கூடாது என்று சமையலறைக்குள் ஓடிப்போய், மூன்று நாளாக மனசில் சமைத்து வைத்திருந்ததையெல்லாம் இலையில் கொட்டினேன். அவர் உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார்.

"ஒரு ஸ்பூன் குடு."

"அய்யய்ய, வடக்க போயி தொரையாயிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவர் வலது கையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நகமில்லாமல் தட்டையாக, ஒன்றோடொன்று சேராமல் நீட்டிக்கொண்டிருந்தன. துளை போடும் இரும்பு ராடை மாட்டும்போது இடையில் சிக்கியதாம். மாசி மாதம்.

கேடயப் பொத்தான் வலது கட்டைவிரலுக்கு. கட்டுப்போட்ட கையில் வேறு விரலால் எட்டித் தட்டியிருக்கிறார். அரை நொடி தாமதம். அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சொல்லல? ஏன் சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம்கூட அன்றைக்கு என் சத்தத்துக்கு எட்டியிருக்காது.

அவர் கோபிக்கவில்லை. இடது கையால் ஸ்பூனைப் பிடித்துக் குழந்தை மாதிரி சோற்றை அள்ளிக்கொண்டே சொன்னார். "சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நீதான் கண்டுபுடிச்சுட்டயே. நான் சாவறதப் பாத்துட்டு, என்ற கைக்குத் தக்கன அந்தக் காவலக்காரனக் கொறச்சுக் குடுத்தே பாரு, அன்னிக்கு வண்டிக்குப் பின்னால போயி உக்காந்து அழுதேன் அம்மிணி. வாயத் தொறக்காமயே தெரிஞ்சுக்கிட்டாளேன்னு. அப்பறம் வெரலப் பத்தி நீயே கேட்டே. கேக்கறதுக்குக் கூச்சப்பட்டுட்டு, வெளையாட்டுக்குன்னு சாக்கு வெச்சுக் கேக்கறயேன்னு நெனச்சேன். அதான் எல்லாத்தயும் சொன்னேன்."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது, புதுப் பதிப்பில் கோளாறு என்று நினைத்தேன், உங்கள் கையை அட்டவணையில் ஏற்றிப் பாராட்டு வாங்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு நிம்மதியை அந்த முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. யாரோ தன்னை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிம்மதி.

"ஆமாங்க மாமா, தெரியும்" என்றேன்.

அந்த மழை மாதங்களில் அவர் விரலுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஒரு நாள் சோறு பிசைந்தார், ஒரு நாள் பொத்தான் போட்டார். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். இனிமேல் போக வேண்டாம் என்றும் அழுது பார்த்தேன். லீவர் பிடிக்க இடது கை போதும் என்றார். ஆயுதபூஜை முடிந்து வண்டி கிளம்பிவிட்டது.

இப்போது நேராகவே கேட்கிறேன். வெயிலா, சாப்ட்டாச்சா என்ற பேச்சே கிடையாது. "கை எப்படிங்க இருக்குது? நோவுதுங்களா? ராத்திரி தூங்கறீங்களா? என்கிட்ட சொல்லுங்க மாமா" என்று கெஞ்சுகிறேன். அவர் சிரிக்கிறார். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே அம்மிணி, நான் வேற சொல்லோணுமா?" என்று வைத்துவிடுகிறார்.

நேற்று வந்த பதிவில், கோட்டை வாசலில் பத்தொன்பது தடவை செத்திருக்கிறார். எதனால் என்று எனக்குத் தெரியவில்லை.