குதிரை சாகாத ஆட்டம்

எனக்குத் தோற்கப் பிடிக்காது. கேரம் ஆடும்போது காய் குழிக்குள் போகாவிட்டால், கை வழுக்கிவிட்டது என்று சொல்லித் திரும்ப அடிக்கிற ஆள் நான். என் தங்கச்சி அப்படியில்லை. தப்பாக அடித்தால் அடித்ததுதான், அடுத்த ஆளிடம் ஸ்ட்ரைக்கரைத் தள்ளிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும், ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சாமுராய் கேம் ஆடுவோம். எஜமானை இழந்துவிட்டு, ஒரு வாளும் ஒரு கிழட்டுக் குதிரையுமாக ஊர் ஊராகப் போகிறவன் கதை. எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. சண்டை என் பொறுப்பு, முடிவெடுப்பது அவள் பொறுப்பு. வசனங்களைப் பொறுமையாகப் படிக்க எனக்கு வராது.

ஒரு பனிக்காலத்தில் எங்கள் சாமுராய் ஒரு கோட்டை வாசலில் போய் நிற்கிறான். உள்ளே இடம் கொடுத்தால்தான் பிழைக்கலாம். கோட்டைக்குச் சொந்தக்காரி ஒரு விதவை. போருக்குப் போன தன் மகன் எப்படிச் செத்தான் என்று கேட்கிறாள். அவன் பயந்து ஓடும்போது வெட்டுப்பட்டுச் செத்தவன். வீரமாகச் செத்தான் என்று சொல்லலாம், உண்மையையும் சொல்லலாம். தங்கச்சி இரண்டாவதை அமுக்கினாள். விதவை கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே குதிரை பனியில் விழுந்து செத்தது.

"பழைய சேவ்ல இருந்து திரும்ப ஆடுவோம்" என்றேன். கோட்டைக்கு வருவதற்கு முன்பு வரை ஆடியதைச் சேமித்து வைத்திருந்தோம்.

"வேணாம்ணா. சொன்னது சொன்னதுதான். நடந்தே போகட்டும்" என்றாள்.

அவள் துணி மடிக்கப் போன நேரத்தில் நான் அந்தப் பழைய ஆட்டத்தைத் திறந்து, பொய்யை அமுக்கி, குதிரையைக் காப்பாற்றித் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டேன். அற்ப சந்தோஷம்தான். அவளிடம் சொல்லவில்லை.

தங்கச்சிக்குப் பத்தாவது படிக்கும்போதிலிருந்து வலிப்பு உண்டு. காலையிலும் இரவிலும் மாத்திரை போடுவாள். ஒழுங்காகப் போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. நாலு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் கைலாசபுரத்திலிருந்து வரன் வந்தது. நல்ல குடும்பம், பையன் அதிர்ந்து பேசமாட்டார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் நல்ல காரியம் என்று அம்மா பூரித்துப் போயிருந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க. வேணாம்னா போகட்டும்" என்றாள் தங்கச்சி.

"கல்யாணம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அம்மா, சமயபுரத்தில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். வெள்ளைப் பூ வந்தால் சொல்லிவிடுவது, சிவப்பு வந்தால் சொல்ல வேண்டாம். தங்கச்சி ஒத்துக்கொண்டாள். "ஆனா ஒரே ஒரு தடவைதான் கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அவள் வேலை பார்க்கும் ஸ்கூலில் அன்றைக்கு லீவு தரவில்லை. அம்மாவும் நானும் போனோம்.

நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலைத் துண்டில் மடித்து அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டோம். பக்கத்தில் நின்ற குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் வீட்டுப் பெண் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொன்னோம். பிரித்தால் வெள்ளை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குழந்தை விளையாட்டா எடுத்துருச்சு. இன்னொரு தடவை கேப்போம்பா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வரன் தட்டிப்போகக் கூடாது என்ற பயம் எனக்கும் இருந்தது. நான் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்து மடித்தேன். கை நடுங்கவே இல்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

குழந்தை எடுத்தது. சிவப்பு. மிச்சப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாகக் கொள்ளிடத்தில் எறிந்தேன். அம்மா எதையாவது பார்த்தாளா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

சிவப்புப் பூ வந்தது என்று தங்கச்சியிடம் சொன்னோம். "அம்மனே வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது" என்றாள். கல்யாணம் அமர்க்களமாக நடந்தது.

புகுந்த வீட்டில் அவள் மாத்திரையை ஸ்டிக்கர் பொட்டு டப்பாவில் ஒளித்து வைத்துப் போட்டிருக்கிறாள். பக்குவமாகச் சொல்லும் நாள் மட்டும் வரவே இல்லை. ஐந்தாவது மாதம் வீடு நிறைய விருந்தாளிகள். மூன்று நாள் அவளால் டப்பாவைத் திறக்க முடியவில்லை. நாலாம் நாள் காலையில் அடுப்படியில் நிற்கும்போது வலிப்பு வந்து, கொதிக்கிற சாம்பார் இடது கையில் முழங்கை வரைக்கும் கொட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். நான் வருஷத்தைச் சொன்னேன். வெளியே வராந்தாவில் அவர் சத்தமே போடவில்லை. "தெரிஞ்சிருந்தா கட்டியிருப்பேனா இல்லையான்னு எனக்கே தெரியலை மச்சான். அதை யோசிக்க எனக்கு ஒரு வாய்ப்பு குடுத்திருக்கலாம்ல" என்றார்.

கை ஆறும் வரை அம்மா வீட்டில் இருக்கட்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். கை ஆறி இரண்டு மாதம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை போன் பண்ணுகிறார், மாத்திரை போட்டாயா என்று தவறாமல் கேட்கிறார், எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை. தங்கச்சி சமயபுரம் பிரசாதத்தைத் தொடுவதில்லை. அம்மா குங்குமம் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, அவளாகவே டிவி முன்னால் வந்து உட்கார்ந்து கேமைப் போட்டாள். கன்ட்ரோலரைப் பிடிக்கும்போது இடது கைத் தோல் இழுத்துக்கொண்டு பளபளத்தது. எங்கள் பழைய ஆட்டத்தைத் தேடியவள், பட்டியலில் கீழே நான் தனியாகச் சேமித்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டாள். திரையில் சாமுராய் குதிரை மேல் உட்கார்ந்திருந்தான்.

"குதிரை உசுரோட இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கே திருப்பி ஆடிட்டியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"சமயபுரத்துல ஒரு தடவைதானே கேட்டீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சமையல்கட்டில் அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் வந்த வெள்ளைப் பூவை, இரண்டு சிவப்புப் பொட்டலத்தை, கொள்ளிடத்தில் எறிந்ததை. மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை மாசமா நான் அம்மன் மேல கோவமா இருந்தேன்" என்றாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு அவள் மட்டும் சமயபுரத்துக்கு பஸ் ஏறிப் போனாள். நானும் வரட்டுமா என்று நான் கேட்கும்போதே அவள் படி இறங்கிவிட்டிருந்தாள்.