செவலைக்குள் இருக்கும் வெள்ளை

ராஜபாளையத்தில் யார் வீட்டு நாயாவது சினையாகிவிட்டால், குட்டி எந்த நிறத்தில் விழும் என்று கேட்டு மாரிக்கனிக்குப் போன் வந்துவிடும். பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தத்தில் பாதி கேட்காது. வெளியே வந்து நின்று அவள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தாயைப் பெற்றது என்ன நிறம், தகப்பனைப் பெற்றது என்ன நிறம்? தெரியாது என்றால் தனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

இதை அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. சமுத்திரத்துக்கு வாழ்க்கைப்பட்டு, மலையடிவாரத்து மாந்தோப்பின் காவல் வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் படுத்திருந்த பால்வெள்ளை நாய் அவளைத் தலைதூக்கிக்கூடப் பார்க்கவில்லை. திமிர் பிடித்தது என்று நினைத்தாள். அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சமுத்திரம் சொன்னான். நிறத்தில் குறையில்லை, மூக்கும் நல்ல ரோஸ். காது கேட்காததால் காவல்காரனான சமுத்திரத்துக்குச் சும்மா கிடைத்தது. பவுனு என்று பெயர் வைத்திருந்தான். கூப்பிட்டால் கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று அவள் கேட்டாள். அவன் குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். அதிர்வு தெரிந்து பவுனு ஓடி வந்தது.

அந்தத் தோப்பு வீட்டு நாட்கள்தான் இன்றும் அவள் நினைப்பில் முதலில் வரும். பழுத்து விழுந்த மாம்பழ வாசனை, மழைக்கு முந்தி மலையிலிருந்து இறங்கும் காற்று, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துகொண்டே சமுத்திரம் போடும் மிதி.

காய் ஏற்ற வரும் வண்டியோடு தளவாய்புரத்திலிருந்து ஒரு செவலை நாய் வந்து போகும். அந்த வருஷம் பவுனு போட்ட ஐந்து குட்டிகளும் செவலை. வெள்ளைக் குட்டிக்குச் சொல்லி வைத்திருந்த ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மாரிக்கனி ஒவ்வொன்றாக மடியில் போட்டுத் துடைத்தாள். ஐந்துக்கும் நெஞ்சு வெள்ளை. பாதம் நான்கும் பாலில் முக்கி எடுத்த மாதிரி. கண் திறந்து நடமாடத் தொடங்கியபோது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினாள். ஐந்தும் திரும்பின. நான்கைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டையை வைத்துக்கொண்டாள். அது செவத்தி.

இரண்டு வருஷம் கழித்து டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது பவுனு சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போனது. டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறார், விலகிவிடும் என்று நம்பியிருக்கிறார். சமுத்திரம் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

வெள்ளையும் வேண்டும், காதும் வேண்டும் என்ற எண்ணம் மாரிக்கனிக்கு அப்போதுதான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹமீது பாயிடம் நல்ல காதுள்ள வெள்ளைக் கடுவன், ஆண் நாய், ஒன்று இருந்தது. அதைச் செவத்தியோடு சேர்க்கலாம் என்றாள். செவலைக்கு வெள்ளை பிறக்குமா என்று சமுத்திரம் கேட்டான்.

"வெள்ளை எங்கயும் போகலைங்க. ஆத்தா குடுத்தது உள்ளதான் கெடக்கு. செவத்தி நெஞ்சப் பாருங்க, எட்டிப் பாக்குதுல்ல" என்றாள்.

அவள் கணக்கு இதுதான். செவத்தியிடம் அப்பன் கொடுத்த செவலையும் ஆத்தா கொடுத்த வெள்ளையும் இருக்கின்றன. ஒரு குட்டிக்கு அதில் ஒன்றைத்தான் கொடுக்கும். பாயின் நாயிடம் கொடுக்க வெள்ளை மட்டுமே உண்டு. செவலை வாங்கிய குட்டியில் வெள்ளை ஒளிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் வெள்ளை வாங்கியது வெள்ளையாகவே விழும். ஆகப் பாதிக்குப் பாதி. அதைத் தோப்பு முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

ஆறு குட்டி விழுந்தது. ஆறும் செவலை.

பறிப்புக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். மாரிக்கனிக்கு அது வலித்தது. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஹமீது பாயிடம் நடந்ததைச் சொன்னாள். பாய் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கையைத் துடைத்துவிட்டு ஒரு ரூபாயை எடுத்துச் சுண்டினார்.

"மொதல்ல என்ன விழுந்துச்சுன்னு இந்தக் காசுக்கு ஞாபகம் இருக்குமா தங்கச்சி? ஆறு தடவையும் தலையே விழலாம். படைச்சவன் ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாத்தான் சுண்டுதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். கணக்கு தப்பவில்லை, எண்ணிக்கை சொன்னதுதான் தப்பு என்று புரிந்தது. அடுத்த பருவத்தில் அதே ஜோடியை மறுபடி சேர்த்தார்கள். இந்த முறை யாரிடமும் எண்ணிக்கை சொல்லவில்லை.

ஏழு குட்டி. மூன்று வெள்ளை.

சமுத்திரம் மூன்றையும் துண்டில் ஏந்திக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தான். ஆனால் சாவிக்கொத்தைக் குலுக்கிய நாளில் வெள்ளையில் இரண்டுதான் திரும்பின. மூன்றாவது அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மாரிக்கனி அழுதாள்.

"அழாதட்டி. இது நம்மகிட்டயே இருக்கட்டும். எனக்கு மிதிக்கத் தெரியும்" என்றான் சமுத்திரம்.

அது பன்னிரண்டு வருஷம் அவர்களோடு இருந்தது. அதற்கு ஆறு வருஷம் கழித்து நெஞ்சுவலியில் சமுத்திரமும் போனான். தோப்பைவிட்டு ராஜபாளையத்துக்கு வந்து தறியில் சேர்ந்தபோது, இனி நாய் வேண்டாம் என்று மாரிக்கனி முடிவு செய்திருந்தாள்.

ஹமீது பாயின் மகள் ஹஃப்ஸா இப்போது கால்நடை டாக்டர். நிறம் உண்டாக்குகிற பொருள் உள்காதுவரை போய்ச் சேராவிட்டால் கேட்காமல் போகும், எந்த வெள்ளைக்கு அப்படி ஆகும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, செவிட்டு நாய் பெற்ற குட்டிக்கு அது வர வாய்ப்பு அதிகம் என்று அவள்தான் விளக்கினாள். செவிட்டு நாயை மட்டும் இணைக்கு விடாதீர்கள் என்று மாரிக்கனி எல்லோரிடமும் சொல்வதற்கு அதுதான் காரணம்.

போன தை மாதம் ஹஃப்ஸா அவளைக் கூமாப்பட்டிக்கு அழைத்துப் போனாள். வெள்ளைக்காக நாய் வளர்க்கும் பாலகணேஷ் வீட்டு வெள்ளைப் பெட்டைக்கு, ஊர்ச் செவலை ஒன்று சேர்ந்ததில், நான்கு செவலை விழுந்திருந்தது. சாதி கெட்டுப்போச்சு, தண்ணீரில் விட்டுவிடலாம் என்று இருந்தான். டாக்டர் சொல்லியும் அவன் மசியவில்லை. மாரிக்கனி ஒரு குட்டியை மல்லாக்கப் பிடித்து அதன் நெஞ்சைக் காட்டினாள்.

"இதத் தண்ணில விட்டா உள்ள இருக்க வெள்ளையும் சேந்துதான் போகும் தம்பி. சித்த பொறுத்து வளத்துப் பாருங்க" என்றாள்.

அவன் குட்டியை வாங்கித் தானும் நெஞ்சைப் பார்த்தான். மூன்றை வைத்துக்கொள்கிறேன், நாலாவதுக்கு நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும் என்றான். அவள் முந்தானையை விரித்தாள்.

பஸ்ஸில் குட்டி மடியை ஒருமுறை நனைத்துவிட்டுத் தூங்கிவிட்டது. மறுநாள் குட்டிக்குப் பால் ஊட்டிவிட்டு அவள் தறிக்கு அரைமணி நேரம் பிந்திப் போனாள்.