கரிக்கோடு

எங்கள் வீட்டு அடுப்பு தரையை விட்டு மேலே ஏறிய வருஷம் எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில், பெரிய மாதா கோவில் பூசை மணி கேட்கிற தூரத்தில் ஒரு சந்தில் இருந்தோம். அதுவரை எங்களுக்குச் சமையல் என்றால் உட்கார்ந்து செய்கிற வேலை. அத்தை மணையைப் போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தால், அரிவாள்மணையும் உப்புச் சாடியும் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அப்பாவின் அக்கா அவள். சிறுவயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பி, உயரமும் அதோடு நின்றுவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா பள்ளிக்கூட டீச்சர் என்பதால் சமையல் முழுக்க அத்தை பொறுப்பு. தம்பி வீட்டில் உட்கார்ந்து தின்கிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடாதபடி, அத்தனை வருஷமும் அவள்தான் எல்லோருக்கும் சோறு போட்டாள்.

அப்பா ஒரு வாரப் பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். கடப்பாக்கல் மேடை, மேலே காஸ் அடுப்பு, பக்கத்தில் புடவை மடிப்புக் கலையாமல் சிரிக்கிற நெட்டையான பெண். பூசை நேரத்தில் அந்தப் பக்கம் திறந்துகொண்டால் அவர் மூடுவதற்குச் சற்று நேரமாகும். நானும் எட்டிப் பார்ப்பேன். காஸ் கிடைக்கப்போகிறது என்று தெரிந்த மறுவாரமே மேஸ்திரி வந்துவிட்டார்.

அவர் அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டார்.

"சமைக்கிறவங்க யாரு கண்ணு? இட்டாந்து இந்தச் செவுத்துகிட்ட நிக்க வை. ஆள் ஒசரம் பாக்காம மேடை கட்டினா, அப்பால இடுப்பு நோவுதுன்னு என்னியத்தான் திட்டுவாங்க."

சமைப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் மனதில் அந்தப் படத்துப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் குடையோடு கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன். அம்மாவுக்கு அவசரம். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மேஸ்திரி அவள் இடுப்புக்கு நேராகக் கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு இழுத்தார். திரும்பிப் பார்த்தால், கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். மேஸ்திரி கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"அளந்தாச்சா? சரி," என்று சொல்லிவிட்டு மீனிடமே திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இன்னொரு கரிக்கோடு இருந்தது. நடுங்கின கையால் இழுத்த மாதிரி கோணலாக. அது யாருடைய உயரம் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சேட்டை, மேஸ்திரி குழம்பிவிடுவார் என்றுதான் பயந்தேன். ஈரத்துணியால் சுவடு தெரியாமல் துடைத்தேன். அத்தை முதல் பூசைக்குப் போயிருந்தாள், அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியில் யாரிடமும் சொல்லக்கூட இல்லை.

மேலே இருந்த கோட்டின்படியே மேடை எழுந்தது. அத்தை அதன்முன் மணையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள். மூன்றாம் வாரம் சோறு வடிக்கும்போது மணை சறுக்கி, கொதிக்கிற கஞ்சி அவளுடைய நல்ல காலில் கொட்டியது. இனி அண்ணி அடுப்புப் பக்கம் வரவே வேண்டாம், உட்கார்ந்து ஓய்வெடுக்கட்டும் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும்.  புண் ஆறியதும் அத்தை, கன்னியர் மடத்துப் போர்டிங்கில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று மணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பா தடுத்தும் கேட்கவில்லை.

அம்மா இரண்டு தடவை மடத்துக்குப் போய்ப் பார்த்தாள். வேலையாக இருக்கிறேன் என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டாளாம் அத்தை. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா சமைத்து, என்னிடம் டிபன் கேரியர் கொடுத்து அனுப்புவாள். அத்தை என்னைக் கொஞ்சுவாள், தலை பின்னிவிடுவாள். கேரியரை மட்டும் திறந்துகூடப் பார்க்காமல் போர்டிங் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவாள். வீட்டில் கேட்டால் அத்தை சாப்பிட்டாள் என்று நான் பொய் சொல்வேன்.

ஒரு ஞாயிறு, மடத்து அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தரையில் பெரிய விறகடுப்பு, அதன்முன் எங்கள் வீட்டு மணை. இங்கே மேடை இல்லையே என்று எனக்கு அவள்மேல் பரிதாபம். எங்கள் மேடையின் பெருமையை அளந்துவிட்டேன்.

"மேஸ்திரி கோட்டுக்குக் கீழ யாரோ கரியால கோடு போட்டு வச்சிருந்தாங்க அத்தை. நான்தான் அழிச்சேன். இல்லாட்டி மேடை குட்டையாப் போயிருக்கும்."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீயா அழிச்சே?"

"ஆமா."

"உங்கம்மா சொல்லியா?"

"அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அவங்க கொல்லையில இருந்தாங்க."

அவள் மறுபடியும் அதையே கேட்டாள். நான் மறுபடியும் அதையே சொன்னேன்.  திட்டப்போகிறாளோ என்று பயந்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, கேரியரைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள். அம்மா வைத்த மீன் குழம்பு. அம்மாவுக்கு எப்போதும் உப்பு ஒரு கல் கூடிவிடும். அத்தை அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். அடித்தட்டுச் சோற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் அம்மாவை வரச் சொல் என்றாள்.

வழியெல்லாம் காலிக் கேரியரை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். இன்றைக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு அன்று நல்ல பசி என்றுதான் நினைத்தேன்.